தை பிறப்பதற்கு முன் வீட்டைத் தயார் செய்வோம்



கொள்முதல், கணக்கு, வரி என்று நம் இதழில் பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த முறை கடையை விட்டுச் சற்று வீட்டுப் பக்கம் வருவோம். வீடு வாங்குகிறவருக்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்கிறவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. வீட்டை விற்கப் போகிறோம் என்று வெளியில் சொல்லவே நமக்குக் கூச்சம். "கடையில் என்ன சிரமமோ" என்று பஜாரில் பேச்சு கிளம்பிவிடும், சரக்கு அனுப்புகிறவர் தவணை கொடுக்க யோசிப்பார் என்று பயம். அதனால் கடைசி நாள் வரை மூடி வைத்திருந்து, பணம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்த பிறகு தரகரைக் கூப்பிடுகிறோம். அவசரத்தில் இறக்கிய சரக்குக்கு என்ன விலை கிடைக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டை விற்கக் காரணங்கள் பல. பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போயிருப்பார்கள். மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்காது. அண்ணன் தம்பி பாகம் பிரிய வேண்டியிருக்கும். கடையின் கடனை அடைக்க வேண்டியிருக்கும். எந்தக் காரணமானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. தயார் இல்லாமல் விற்பதுதான் தவறு.

காலம் பார்த்து இறக்கும் சரக்கு

தீபாவளிச் சரக்குக்கு ஆவணியிலேயே ஆர்டர் போடுகிறோம். பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் கார்த்திகையிலேயே பேசி வைக்கிறோம். வீட்டுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் பெரும்பாலோர் கிரயம் பேசமாட்டார்கள். புரட்டாசியில் புது வீடு புகமாட்டார்கள். மார்கழி முழுக்க அடங்கிக் கிடந்த வியாபாரம் தை முதல் தேதிக்குப் பிறகு ஒரே மூச்சில் எழும். தை மாத முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்குவதாகப் பதிவுத் துறையே அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வேகம் சித்திரை, வைகாசி வரை இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அப்போது வருவார்கள். அதன் பின் ஆனி, ஆடி. ஆடித் தள்ளுபடி துணிக்கடைக்கு மட்டும் உரியதல்ல. ஆடியில் விற்றே தீர வேண்டிய வீட்டுக்கும் அது உண்டு.

ஆகவே தையில் வீட்டைக் காட்ட வேண்டுமானால் ஆவணியில் வேலையைத் தொடங்க வேண்டும். "வெள்ளையடிக்க ஐந்து மாதமா?" என்று கேட்பீர்கள். வெள்ளையடிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் உள்ள வேலைகளைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நாங்கள் மறந்து பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீட்டுக் கதை

நாங்கள் மதுரை கீழமாசி வீதிப் பகுதியில் இரண்டு தலைமுறையாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். பக்கத்துச் சந்தில் எங்கள் அப்பா 1960-களில் கட்டிய வீடு இருந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை, முன்னால் திண்ணை, நடுவில் முற்றம். அப்பா 1999-இல் காலமானார், அம்மா 2009-இல். நாங்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் அக்கா, சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவர்.

நடுத் தம்பி தனியாக வியாபாரம் வைத்துச் சிரமப்பட்டு, 2013-இல் பத்து லட்ச ரூபாய் கடனில் நின்றார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. வீட்டை விற்று அவரவர் பாகத்தைப் பிரித்துக்கொண்டால் அவர் கரையேறிவிடுவார் என்று மூன்று பேரும் பேசி முடித்தோம். மார்கழிக் கடைசியில் பத்து நாளில் பெயிண்ட் அடித்து, 2014 தை மாதம் வீட்டைக் காட்டினோம். முதல் வாரமே நல்ல இடம் ஒன்று வந்தது. விலையும் படிந்தது.

அவருடைய வக்கீல் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். 1986-இல் அப்பா ஒரு வங்கியில் இந்த வீட்டின் பேரில் எழுதிக் கொடுத்த அடமானம் அதில் அப்படியே நின்றது. கடனை அப்பா 1993-இலேயே கட்டி முடித்துப் பத்திரங்களை வாங்கி வைத்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. வங்கிக்கு ஓடினோம். அந்தக் கிளை இடம் மாறியிருந்தது, பழைய கணக்கைத் தேடி எடுக்கவே நாலு மாதம் ஆயிற்று.

இதற்கு நடுவில் அக்காவின் கையெழுத்து வேண்டும் என்றார் வக்கீல். கடைப் பையனிடம் காகிதத்தைக் கொடுத்துச் சிவகாசிக்கு அனுப்பினோம். அக்கா கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். போன் செய்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "கையெழுத்து வாங்க ஆள் அனுப்பிச்சீங்களேடா, வீட்டை விக்கப் போறோம்னு சொல்ல ஒருத்தன் வரலியே."

நாங்கள் மூவரும் பதில் பேசவில்லை. பேச இடமில்லை. வந்த இடம் வைகாசி வரை காத்திருந்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார். தம்பி இன்னும் ஒரு வருடம் வட்டி கட்டினார். மாதம் பதினைந்தாயிரம், வருடத்துக்கு 1,80,000 ரூபாய். பத்து நாளில் அடித்த பெயிண்டுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

முதல் வேலை: காகிதத்தைச் சுத்தம் செய்வது

சுவரைத் துடைப்பதற்கு முன் பத்திரப் பெட்டியைத் துடைக்க வேண்டும். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றை எடுத்து வையுங்கள்.

1. நம் பெயருக்கோ நம் தகப்பனார் பெயருக்கோ வந்த அசல் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும். அசல் காணாமல் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்கி, பத்திரிகையில் அறிவிப்பும் கொடுக்க வேண்டியிருக்கும். தையில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல இது.

2. குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று. வாங்குகிறவர் போடட்டும் என்று இருக்காதீர்கள். நாமே முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டைக் கடைக் கடனுக்கு ஈடு வைப்பது நம் தொழிலில் சாதாரணம். கடன் தீர்ந்த அன்றே ரசீது ஆவணத்தையும் பதிவு செய்துவிட வேண்டும். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களில், முழுத் தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் கைக்கு வந்தாலும் ரசீது ஆவணம் பதிவானதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

3. பட்டா, சொத்து வரி ரசீது, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு. நாலும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்திரத்தில் ஒரு இனிஷியல், பட்டாவில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றிருப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறோம். ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறினால் எதிர்க்கடைக்காரர் பில்லைத் திருப்பி அனுப்புகிறாரே, அதே கதைதான். சொத்து வரியை நடப்பு அரையாண்டு வரை கட்டிவிடுங்கள்.

4. அனுமதி பெற்ற கட்டட வரைபடம். மாடி பின்னால் கட்டியதாக இருந்தால் அதற்கும் அனுமதி உண்டா என்று பாருங்கள். வாங்குகிறவர் வங்கிக் கடனில் வந்தால் இதை முதலில் கேட்பார்கள்.

5. அளவும் நாலு மாலும். பழைய பத்திரத்தில் "கிழக்கே இன்னார் வீடு" என்றிருக்கும். இன்று அங்கே லாட்ஜ் நிற்கும். டேப் பிடித்து அளந்து பாருங்கள். பொதுச் சுவர், பொதுப் பாதை, பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் பக்கம் இறங்கும் உரிமை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அளவு குறைந்தால் குறைந்ததைச் சொல்லி விற்கலாம். அடி கூட்டிச் சொல்லி விற்க முடியாது.

இரண்டாவது வேலை: உரியவர்களிடம் பேசுவது

பத்திரம் ஒருவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். அதில் பெயர் வரும் அத்தனை பேரும் விற்பனையில் சேர வேண்டும், அல்லது முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். "சீர் செய்துவிட்டோம், அதனால் சகோதரிக்குப் பங்கில்லை" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது.

இந்துக் குடும்பங்களில், தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், மகனைப் போலவே மகளுக்கும், உயிரோடிருந்தால் மனைவிக்கும் தாய்க்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது. அதற்கு முன் திருமணமானவர்கள் அப்போது விடுபட்டிருந்தார்கள். 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தகப்பனார் 2005-க்கு முன் இறந்திருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. முன்பே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளுக்கு விதிவிலக்கு உண்டு. இஸ்லாமிய, கிறிஸ்தவ சகோதரர்களுக்கு அவரவர் வாரிசுச் சட்டம் வேறு. எதுவானாலும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நலம்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகார ஆவணம் வர வேண்டும். இரண்டுக்கும் மாதக் கணக்கில் ஆகும்.

சட்டம் கையெழுத்தைத்தான் கேட்கும். குடும்பம் அதற்கு மேல் ஒன்றைக் கேட்கும். பிறந்த வீடு விலைக்குப் போகிறது என்ற செய்தி உடன்பிறந்தவருக்குத் தரகர் மூலமோ காகிதம் மூலமோ போய்ச் சேரக் கூடாது. 2014 ஆவணியில் நாங்களும் கடைசித் தம்பியும் பூ, பழத்துடன் சிவகாசிக்குப் போனோம். அக்கா சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேசினார். நடுத் தம்பியின் கடன் எவ்வளவு என்று கேட்டார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான், தன் பங்கு எவ்வளவு என்பதல்ல. பங்கை நாங்களே சொன்னோம். நாலில் ஒன்று, ஒரு ரூபாய் குறையாமல்.

அந்த மார்கழியில் அக்கா வந்து பத்து நாள் தங்கி வீட்டை ஒழித்துக் கொடுத்தார். நாங்கள் எங்கு தேடியும் கிடைக்காத கட்டட வரைபடம், அப்பாவின் பழைய பேரேடுகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அப்பா அதை அங்கே வைத்தபோது கூட இருந்தவர் அவர். முந்திய வருடமே போய்ச் சொல்லியிருந்தால் அதுவும் முந்திய வருடமே கிடைத்திருக்கும்.

மூன்றாவது வேலை: மழையில் வீட்டைப் பார்ப்பது

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கடையில் ஓய்வில்லாத காலம். ஆனாலும் நல்ல மழை பெய்து ஓய்ந்த அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி மொட்டை மாடிக்கு ஏறுங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது? மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா? தட்டோடு எங்கே தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது? பெரும்பாலான ஒழுகல் இந்த இடங்களில்தான் பிறக்கும். பிறகு கீழே வந்து கூரையையும் சுவர் மூலைகளையும் பார்த்து, ஈரம் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கொத்தனாருக்கு அந்த வட்டமே வழி காட்டும்.

சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் இலையைக் கிள்ளிப் பயனில்லை. வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் கொத்திப் பூச வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரையானால் உத்தரக் கட்டைகளின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் கறையான், ஈரம் இரண்டையும் பாருங்கள். கழிவுத் தொட்டி, சாக்கடை இணைப்பு, குழாய் ஒழுகல், பழைய மின் ஒயர் எல்லாவற்றையும் அப்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

மழை நின்று சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சும் பெயிண்டும். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உப்புப் பூத்து, ஒரு மாதத்தில் பொருக்குத் தட்டி உதிரும். எங்கள் முதல் பெயிண்ட் அப்படித்தான் பங்குனிக்குள் உதிர்ந்தது.

இங்கே நம் தொழில் நேர்மையும் வருகிறது. மூட்டையின் வாயில் நல்ல பருப்பையும் அடியில் வண்டு விழுந்ததையும் வைத்து விற்கிறவனை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பெயிண்டை அடித்து மறைப்பதும் அதே வேலைதான். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கிணற்றில் சித்திரையில் தண்ணீர் வற்றுமானால், கேட்கிறவரிடம் வற்றும் என்றே சொல்லுங்கள். குறையைச் சொன்னதால் விலை கொஞ்சம் இறங்கலாம். சொல்லாமல் விட்டால் கிரயமே நின்றுபோகும், பேரும் கெடும்.

நான்காவது வேலை: கிட்டங்கியை வீடாக்குவது

வியாபாரியின் வீட்டுக்கென்று ஒரு லட்சணம் உண்டு. மாடிப்படிக்கு அடியில் காலிச் சாக்கு, பின்கட்டில் எண்ணெய் டின், பரணில் இருபது வருடக் கணக்குப் புத்தகம், திண்ணை மூலையில் உடைந்த தராசு. நமக்கு அது கண்ணில் படாது. வருகிறவருக்கு அது மட்டும்தான் கண்ணில் படும். அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றாலும், நாலு மூட்டை கிடந்தால் அவர் மனதில் அது ஆறுக்கு எட்டு ஆகிவிடும்.

போகிக்குப் பழையதைக் கழிப்பது நம் வழக்கம்தான். இந்த வருடம் அதைப் பத்து நாள் முன்னால் செய்யுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்குகளைக் கடைக்கு மாற்றிவிட்டு மற்றதைக் காகிதக் கடைக்குப் போடுங்கள். பெட்டியில் உள்ள காகிதங்களை மட்டும் பார்க்காமல் போடாதீர்கள். எங்கள் மஞ்சள் பை அப்படித்தான் போகப் பார்த்தது.

செலவு எதில் செய்வது? ஒழுகலை அடைப்பது, சாக்கடையைச் சரி செய்வது, சொட்டும் குழாய், எரியாத விளக்கு, சாத்தாத கதவு ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செய்யுங்கள். புது மாடலில் சமையலறை கட்டுவதற்கும் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுவதற்கும் செய்யாதீர்கள். வாங்குகிறவர் தம் விருப்பத்துக்கு மாற்றத்தான் போகிறார். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், வெளிச்சம் கூடும்.

வீட்டைக் காட்டுவதற்குக் காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். வருகிறவர் குடும்பத்துடன் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் ஒருவராவது இருப்பது நல்லது. அடுப்படி, தண்ணீர், அக்கம்பக்கம் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியாது. குடித்தனக்காரர் இருந்தால் வீட்டைக் காட்டும் நாளன்று அவர் விஷயத்தை அறியக் கூடாது. ஒப்பந்தத்தைப் பார்த்து, போதிய அவகாசம் கொடுத்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டுடன் பேசுங்கள்.

ஐந்தாவது வேலை: விலையை ஒரே வாயால் சொல்வது

வீட்டுக்கு மூன்று விலை உண்டு. ஒன்று, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இரண்டு, நம் தெருவில் சமீபத்தில் உண்மையாகக் கைமாறிய விலை. மூன்று, நம் மனதில் உள்ள விலை. மூன்றாவது விலையில் அப்பா கட்டிய திண்ணையும் அம்மா போட்ட கோலமும் சேர்ந்திருக்கும். சந்தையில் அதற்கு விலை கிடையாது. இரண்டாவது விலையை விசாரித்து, அதற்குச் சற்று மேலே சொல்லும் விலையும், அதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்ற விலையும் பங்குதாரர்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும். அண்ணன் ஒரு விலை, தம்பி ஒரு விலை சொன்னால் குறைந்த விலைதான் நிற்கும்.

தரகர் விஷயமும் இதுவே. ஒரே வீட்டை ஐந்து தரகரிடம் சொன்னால் ஊரில் ஐந்து விலை உலாவும். நம்பிக்கையான ஒருவரிடமோ இருவரிடமோ கொடுத்து, கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள். வாங்குகிறவர் கணக்கையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 2023-இல்தான் 2 சதவீதமானது. அவர் கையிலிருந்து நம் விலைக்கு மேல் இன்னும் ஒன்பது சதவீதம் போகிறது. பேரத்தில் அவர் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாவது வேலை: பணம் வரும் வழியைத் தயார் செய்வது

கடையில் ரொக்கம் புழங்கிப் பழகியவர்கள் நாம். வீட்டில் அது கூடாது. 2015 ஜூன் 1 முதல், அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். முன்பணமும் இதில் அடங்கும். விலை 50 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து நம் பான் எண்ணில் கட்ட வேண்டும். இது 2013 ஜூனிலிருந்து உள்ள விதி.

கிரய ஒப்பந்தத்தை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவு செய்ய வேண்டும். முன்பணம், மீதித் தொகைக்குக் கெடு, யார் தவறினால் என்ன, மோட்டாரும் மின்விசிறியும் சேருமா சேராதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

வருமான வரியைக் கடைசியில் நினைக்கிறோம், முதலில் நினைக்க வேண்டும். நிலமும் வீடும் 24 மாதத்துக்கு மேல் நம்மிடம் இருந்தால் அது நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்தானால், தனி நபரும் கூட்டுக் குடும்பமும் பழைய முறையில் விலைவாசிக் குறியீட்டுச் சலுகையுடன் 20 சதவீதம் என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முந்தைய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பைக் கொள்முதல் விலையாகக் காட்டலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கையை முன்பே வாங்கி வையுங்கள்.

விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்று இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால் சலுகை உண்டு. ஆறு மாதத்துக்குள் இதற்கென்று உள்ள பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலீடு செய்தாலும் சலுகை உண்டு. வீட்டை விற்ற பணத்தைக் கடையில் முதலாகப் போட்டாலோ, கடைக் கடனை அடைத்தாலோ சலுகை இல்லை. நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வந்த பணம் முழுவதையும் சரக்கில் போட்டுவிட்டு, பிறகு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள். விலை பேசும் முன் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டு, வரித் தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகே மீதிக்குத் திட்டம் போடுங்கள்.

மாத வாரியாகச் சுருக்கம்

ஆவணி, புரட்டாசி: உரியவர்களிடம் நேரில் பேசுவது, பத்திரம், வில்லங்கம், பட்டா, பெயர் மாற்றம், வக்கீல், ஆடிட்டர்.

ஐப்பசி, கார்த்திகை: மழையில் வீட்டைப் பார்த்துக் குறை எழுதுவது, வரி, மின் பாக்கி தீர்ப்பது, தெரு விலை விசாரிப்பது.

மார்கழி: கொத்து வேலை, குழாய், மின்சாரம், ஒழிப்பது, கடைசியில் பெயிண்ட். சொல்லும் விலை, கடைசி விலை முடிவு.

தை: காட்டுவது, ஒப்பந்தம். மாசிக்குள் கிரயம்.

நாங்கள் இரண்டாம் முறை இந்த வரிசையில் போனோம். 2015 தை இருபதாம் தேதி முன்பணம் வந்தது, மாசியில் பதிவு முடிந்தது. முதல் வருடம் பேசிய விலையைவிட ஒரு லட்சம் குறைவுதான். வட்டியையும் சேர்த்தால் நடுத் தம்பியின் குடும்பத்துக்கு விழுந்த அடி எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஆனாலும் கடன் தீர்ந்தது. தம்பி இன்று சிறிய அளவில் கடை நடத்துகிறார், யாருக்கும் பாக்கியில்லை. பதிவன்று நாங்கள் நாலு பேரும் ஒரே காரில் போய், ஒரே காரில் திரும்பி அக்காவைப் பேருந்து ஏற்றிவிட்டோம். அம்மாவின் ஆட்டுரலை மட்டும் அவர் கேட்டு வாங்கி, முன்பே லாரியில் சிவகாசிக்கு அனுப்பியிருந்தார்.

வீட்டை விற்கும் எண்ணம் உள்ளவர்கள் பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உடன்பிறந்தவர் வீட்டுக்கு நேரில் ஒரு முறை போய் வாருங்கள். இந்த இரண்டையும் ஆவணியில் செய்தவருக்குத் தை நல்ல தையாகவே பிறக்கும்.